பால்குடம் தூக்காத வருஷம்

போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு விரதம் தொடங்க வேண்டிய நேரத்தில், நான் என் வீட்டுச் சாமி அறைக்குள் கால் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளித்து வருவேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் பட்டுவிடும். மறுபடியும் குளிப்பேன். மறுபடியும் வரும். இதையெல்லாம் இப்படி வெளிப்படையாக எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருத்தி சுளிக்காமல் பேசியிருந்தால் நான் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. வயது நாற்பத்து மூன்று. வீடு புக்கிட் ரம்பாயில், வேலை பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில். சில வருஷங்களுக்கு முன் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் விபத்தில் கால் நொறுங்கிப் படுத்துவிட்டார். செலண்டார் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் முன்னால் விழுந்து அழுதேன். இவர் எழுந்து நடந்தால் ஐந்து வருஷம் விடாமல் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவர் நடந்தார். நான்கு வருஷம் எடுத்தேன். ஐந்தாவது வருஷத்தில்தான் இந்தச் சோதனை.

என் புத்தி எங்கே போனது தெரியுமா? டாக்டரிடம் போகவில்லை. அம்மனுக்கு என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் என்னைக் கிட்டவே விடாமல் தள்ளி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எந்த வெள்ளிக்கிழமை தெரியாமல் கோழிக் குழம்பைத் தொட்டேன், யாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன் என்று கணக்கு வேறு போட்டேன். ஏசியது நிறையப் பேரை, அது ஒருபக்கம் இருக்கட்டும். ஷிப்டில் நின்றால் இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே சாமி அறைப் பக்கம் பார்த்துக் கும்பிடுவேன். “தாயே, கோவம்னா என்னைய ரெண்டு அடி அடி. ஆனா இந்த ரத்தத்த மட்டும் நிறுத்திக் குடு. இந்த ஒரு வருசம் கொடத்த எடுத்துர்றேன்.” தினமும் இதே வேண்டுதல். அழாத நாள் இல்லை.

நிற்கவில்லை. கடைசியில் நம் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தைப்பூசமோ ஆடியோ, நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்க மட்டும் நாம் கூசாமல் கிளினிக் போவோம் இல்லையா? நானும் அரசாங்க கிளினிக்குக் கிளம்பினேன். அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழ்ப் பெண்.

“மாத்திர வேணும் மிஸ்ஸி. வெரதம் இருக்கணும்.”

“கடைசியா எப்பக்கா வந்துச்சு?”

“இப்பவும் இருக்கு.”

“அதுக்கு முன்ன?”

“போன வாரம்.”

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அக்கா, மாத்திர தள்ளிப்போடத்தான். ஒங்களுக்குத் தள்ளிப்போட என்னா இருக்கு? நிக்கவே மாட்டேங்குதேலா! பெப் ஸ்மியர் எப்ப எடுத்தீங்க?”

“எடுத்ததே இல்ல. எனக்கு என்னா நோவு, அதெல்லாம் எடுக்க?” என்று எகிறினேன். அவள் அசையவில்லை. “சரி, சுத்தமானதும் வர்றேன்” என்று எழுந்தேன். தப்பித்து ஓடத்தான்.

“அந்தத் தீட்டெல்லாம் கோயில்ல பாத்துக்குங்க. இங்க பாக்க மாட்டோம். ஏறிப் படுங்கக்கா.”

டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். கர்ப்பப்பை வாயில் சின்ன பிரஷ் மாதிரி ஒன்றால் தடவி எடுத்தார்கள், பெப் ஸ்மியர் என்பது அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டபடி கிடந்தேன். வலி என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, கூச்சம்தான்.

சில நாள் கழித்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி போன் வந்தது. என் மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு யார் தலை வாரிவிடுவார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் போனேன்.

அங்கே டாக்டர் நிதானமாகச் சொன்னார். ரத்தம் வந்தது ஒரு சின்னச் சதை வளர்ச்சியால். அதனால் ஆபத்தில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, கவனிக்காமல் விட்டால் ஆகலாம். அந்த மாற்றம் வலிக்காதாம். ரத்தமும் காட்டாதாம். சோதித்தால்தான் தெரியுமாம்.

அங்கேயே அழுதுவிட்டேன். நிறுத்து நிறுத்து என்று இரண்டு மாதமாக நான் கெஞ்சிய ரத்தம் நின்றிருந்தால், நான் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தே இருக்க மாட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகச் சாவை நோக்கி நடந்திருப்பேன். என் தாய் காது கேளாமல் இருக்கவில்லை. கேட்டாள், எனக்கு நல்லது எதுவோ அதைச் செய்தாள்.

சதையையும் மாறிய இடத்தையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்தேன். சில வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். திருவிழா அதற்குள் வந்துவிடும். அன்று மாலை எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். நோயைச் சொல்லும்போது தாங்கிக்கொண்டேன், குடத்தைச் சொல்லும்போது தேம்பிவிட்டேன்.

“பைத்தியமா ராஜி ஒனக்கு? இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்திருக்க!” என்று முதலில் கத்தினார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தார். “என் காலுக்குத்தான வேண்டிக்கிட்ட? இந்தக் காலு நடக்குதுல்ல? நான் தூக்குறேன்லா.”

அவரே விரதம் இருந்து, லேசாகச் சாய்ந்து நடக்கும் அந்தக் காலோடு குடத்தைத் தூக்கி வந்தார். எனக்கு ரத்தம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. அதனால் கோயில் வேலிக்கு வெளியே சாலையோரம் நின்று பார்த்தேன். பால் ஊற்றும்போது மேளச் சத்தம் கேட்டது. அம்மன் என்னைத் தள்ளி வைத்ததாக அன்று எனக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

இந்த வருஷம் மறுபடி சோதித்தார்கள். சுத்தம். போன உயிர் திரும்பி வந்தது. நாள் தவறாமல் போய்க் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தப் புற்றுநோய் வராமலிருக்கப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியை என் மகளுக்குப் போட, “சின்னப் புள்ளைக்கு இது எதுக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவள் நான். இப்போது அந்தக் கையெழுத்தை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் பெண்களிடம் இதை உரக்கச் சொன்னேன். அப்புறம் ஏழு பேர் சோதனைக்கு என்னோடு கிளினிக் வந்தார்கள். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஏழாவது பார்வதி. “ஒனக்கு வேற வேல இல்லியா?” என்று என்னைக் கேலி செய்துகொண்டே வந்தவள். ஒரு நோவும் இல்லாதவள். அவளுக்கும் என்னைப் போலவே ஆரம்பத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். இப்போதும் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும்.

சகோதரிகளே, முப்பது தாண்டிவிட்டதா? ஒரு நோவும் இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள். அடுத்தவர் பார்க்க வேண்டாம் என்றால், நாமே அறைக்குள் போய் எடுத்துக் கொடுக்கும் சோதனைகூட இப்போது இருக்கிறது. அம்மனை நம்புங்கள், அவள் எந்த வாசலுக்கு அனுப்பினாலும் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வெள்ளிக்கிழமை கோயிலில் என்னிடம் சொல்லுங்கள், கூடவே வருகிறேன். நீங்கள் உள்ளே போய் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.