தாமரை போட்ட இருபது பைசா

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் தங்கம் இருந்தது. அதாவது, இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். தாமரை போட்ட மஞ்சள் நிற இருபது பைசா அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் காசை யாரும் கடையில் நீட்டவில்லை. மற்ற வீடுகளில் அது லட்சுமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. வேதக்காரர்களான எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே, கோயிலில் ஃபாதர் கொடுத்த பால்பவுடர் டப்பாவில் சேர்ந்தது.

சேர்த்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா வேலை தேடிப் பெங்களூருக்குப் போனதிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். அவர் போகும் செலவுக்கு அவளுடைய தோடு பக்கத்து ஊரான பொம்மிடியில் அடகுக்குப் போய், மூழ்கியும் போனது. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சி செருகியிருந்தாள். டப்பா நிறைந்ததும் காசுகளை உருக்கித் தோடு செய்துகொள்வது அவள் திட்டம். தக்காளிக் காட்டில் கூலி வாங்கும்போது, "எனக்குத் தாமரக் காசா பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்குவாள். சனிக்கிழமை தோறும் டப்பாவைக் கவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். தேய்க்கும் வேலையில் பாதி எனக்கு. தங்கத்துக்குப் புளி எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படிச் சில வருடங்கள் போயின. மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் காசு வாங்கும் ஆள் ஒருவர் சேலத்திலிருந்து ரயிலேறி வந்து வீடு வீடாகப் போனார். அத்தை முறத்தில் டப்பாவைக் கொட்டினாள். வெயிலில் கண் கூசியது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம்தான் மங்கியது.

"தங்கமெல்லாம் இதுல இல்லீங்கம்மா. கடையில குடுத்தா இருபது பைசாதான்."

"அப்ப எதுக்குங்க வாங்க வந்தீங்க?"

அவர் பொறுமையாகச் சொன்னார். கொஞ்சமாக அடித்த காசு என்றால் விலை. வருடத்துக்குக் கீழே இருக்கும் குறியைப் பார்த்து எந்த ஊரில் அடித்தது என்று கண்டுபிடிப்பார்கள், அதிலும் சிலதுக்குத்தான் விலை. அடிக்கும்போது பழுதாகிப்போன காசு என்றால் நல்ல விலை. எதுவானாலும் கை படாமல், அடித்த நாளில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

"நீங்க பளபளன்னு தேச்சீங்க பாருங்க, அதுல இருந்த கொஞ்ச மதிப்பும் போயிருச்சு. தேய்க்காதது ஏதாச்சும் வூட்ல இருக்குங்களா?"

அத்தை முறத்திலிருந்த காசுகளை அள்ளித் திரும்பவும் டப்பாவில் போட்டாள். பிறகு உள்ளே போய், ஜெபப் புத்தகத்தில் காகிதம் சுற்றி வைத்திருந்த ஒரு காசைக் கொண்டுவந்தாள். அதன் கதை எனக்குத் தெரியும். மாமா ஊருக்குப் போன காலையில் புதுக் காசாகக் கையில் கிடைத்தது அது. அச்சு விலகித் தாமரை ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தது. செல்லாது என்று டீக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை அத்தையின் கையில் வைத்து, "இது செலவாவறதுக்குள்ள வந்துர்றேன்" என்று சிரித்தாராம். அத்தை அந்தக் காசை ஒருநாளும் தேய்த்ததில்லை, டப்பாவிலும் போட்டதில்லை.

சேலத்துக்காரர் அதை ஓரத்தில் பிடித்துத் திருப்பினார். பதினைந்து ரூபாய் தருவதாகச் சொன்னார். அத்தை பேரம் பேசவில்லை. "எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த அலுப்பை வெயிலால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பொம்மிடியில் கவரிங் தோடு வாங்கினாள். ஈர்க்குச்சிகளைப் பிடுங்கிக் கடை வாசலிலேயே போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயில் கேட் திறப்பதற்காக நின்றபோதுதான் எனக்கு ஒரு கவலை வந்தது.

"அத்த, மாமா வந்து அந்தக் காசு எங்கன்னு கேட்டா?"

போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"செலவாயிருச்சுன்னு சொல்லு கண்ணு."

பாவம், அத்தைக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும், நாமே சொல்லிவிடலாம் என்று நான் அந்தப் பதிலை மனப்பாடம் செய்துவைத்தேன். பெங்களூர்ப் பக்கமிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டால் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அது மாமாவுக்கான பதில் இல்லை, அத்தை தனக்கே சொல்லிக்கொண்டது என்று எனக்கு அப்போது தெரியாது.