காளியிடம் கேட்டதை நீதிபதியிடமும் கேட்டேன்

போன ஐப்பசி மழையில் என் மாமனார் இறந்தார். காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் வயல் பாதையில் இடுப்பளவு தண்ணீர். அதனால் ஊர்த்தெரு வழியாகப் பாடையைத் தூக்கிப் போனோம். ஊர்த்தெரு ராசாங்கம் ஆட்களோடு வந்து மறித்தான். பாடையைத் தள்ளிவிட்டான். பிணம் சேற்றில் குப்புற விழுந்தது. தூக்கப் போன என் கணவரின் வலது கையைக் கடப்பாரையால் அடித்து உடைத்தான்.

ஸ்டேஷனில் சாதாரண அடிதடி என்று எழுதிக்கொண்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு திரிந்தான். செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் சிரிக்கும்போது நான் ஏன் சாக வேண்டும்? சிறுவாச்சூர் காளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தாயே, அவனை உள்ளே தள்ளு.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண் என்னவென்று விசாரித்தாள். இப்படிப்பட்ட வழக்குகளை இலவசமாக நடத்தும் ஒரு வக்கீலம்மாவோடு போனில் பேசவைத்தாள். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வக்கீலம்மா மேலதிகாரிவரை போய், வழக்கை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு மாற்றவைத்தார். ராசாங்கம் கைதானான். உடனே அவன் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஏம்மா, ஒரே ஊரு. நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்ல? பேசி முடிச்சிக்கலாம்."

"எங்க மாமனார் மூஞ்சிய சேத்துல தள்ளுனப்ப உங்க மச்சானுக்கு இது தோணலையாங்க?"

"வெளிய வந்தான்னா சும்மா இருக்க மாட்டான். சொல்லிட்டேன்."

ஜாமீன் விசாரணையும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. "அன்னிக்குக் கோயிலுக்கு வரேன்னு வேண்டியிருக்கேம்மா" என்றேன்.

"இந்தச் சட்டத்துல உங்களைக் கேக்காம ஜாமீன் குடுக்கக் கூடாதுங்க. அவகிட்ட கேக்கறதை ஜட்ஜுகிட்ட வந்து கேளுங்க. காளி கோவிச்சுக்க மாட்டா" என்றார் வக்கீலம்மா.

அரியலூர் கோர்ட்டுக்குப் போனேன். மழையில் வழுக்கித்தான் பாடை விழுந்தது, கையும் அப்படித்தான் உடைந்தது என்றார் அவனுடைய வக்கீல்.

"ஐயா, பாடையத் தூக்குன நாலு பேரும் ஒண்ணாவா வழுக்குனாங்க?" என்றேன். "இவன் உள்ள இருக்கும்போதே மச்சான் வூட்டுக்கு வந்து மிரட்டுறான். வெளிய விட்டா சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டாங்க. விடாதீங்கய்யா."

மனு தள்ளுபடி. காவல் நீட்டிப்புக்காக அவனையும் அன்று கூட்டி வந்திருந்தார்கள். திரும்ப வேனில் ஏறும்போது அழுதான். நின்று பார்த்தேன். இரக்கம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

அந்தக் கோயில் வெள்ளியும் திங்களும்தான் திறக்கும்; அடுத்த திங்களே காளிக்கு மாவிளக்குப் போட்டேன். கணவரின் கை இன்னும் சரியாக மடங்கவில்லை. வழக்கும் முடியவில்லை. ஆனால் இப்போது ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்கிறேன். அவனுக்குத் தண்டனை கிடைக்கும்வரை காளியையும் விடமாட்டேன், கோர்ட்டையும் விடமாட்டேன்.

என்னைப்போல் அடிபட்டவர்களுக்குச் சொல்கிறேன். அவளை நம்பிப் போய் அழுங்கள். அழுது முடித்ததும் வக்கீலிடம் போங்கள். சமரசம் பேச வருகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.