அக்காவின் பதினெட்டு விநாடி

கேரள எல்லையில், பாறசாலையில் பெரிய சாலையை ஒட்டி என் அக்கா சாயாக்கடை நடத்துகிறாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அங்கே நன்றாக இருக்கும் என்று நான் சொன்னால் தம்பி வேறு எப்படிச் சொல்வான் என்பார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது அவளுடைய வாயைப் பற்றி. மலையாளி வந்தால் மலையாளம், தமிழர் வந்தால் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் தமிழ் ஆராதனைக்கு வேதபாடம் வாசிப்பதும் அவள்தான். பல வருடங்களாக அந்த இடத்துக்குப் போதகர் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

அவளுடைய வாயை அறிந்துதான் அவன் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே பந்தி பந்தியாகச் சாப்பிட்டவன். இப்போது ரீல்ஸ் போடுகிறான். பைக்கைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, புதிய ஆள் மாதிரி மலையாளத்தில் சாயா கேட்டான். கூட வந்தவன் மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊன்றுகோலோடு வந்த பெரியவர் ஒருவர் உள்ளே நுழைய முடியாமல் நின்றார்.

“மோனே, வண்டி ஒண்ணு மாற்றி வைக்காமோ?” என்று அக்கா மலையாளத்தில் தன்மையாகத்தான் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். அவன் சிரித்தான். அப்புறம்தான் அவளுக்குப் பொறுமை விட்டுப் போனது.

“எலே, எனக்க கடை வாசல அடச்சிட்டு நீ சிரிச்சோண்டு இரிக்கியாக்கும்? வயசான மனுசன் நிக்கது கண்ணுல காணாதோ? மாற்றுலே வண்டிய!”

வீடியோவில் அந்தப் பெரியவர் இல்லை. பைக் இல்லை. மூன்று முறை கேட்டதும் இல்லை. ‘எலே’ என்று ஆரம்பித்துப் பதினெட்டு விநாடி அக்காவின் முகம் மட்டும். மேலே மஞ்சள் எழுத்தில் ஒரு கேள்வி: ‘இது தமிழா, மலையாளமா?’

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் இது மலையாளம் என்று எழுதினார்கள். மலையாளிகள் இது பாண்டிப் பேச்சு என்று, தமிழரைக் கேலி செய்யும் சொல்லால் எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பெயர்கூடத் தெரியாத ஒருவன் அக்காவின் பல்லைப் பற்றி எழுதியிருந்தான். ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு நாள் ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினேன். எங்கள் பேச்சு எந்தக் காலத்துத் தமிழ் என்று பக்கம் பக்கமாக விளக்கினேன். திட்டினேன். திரும்பத் திட்டு வாங்கினேன். ஒருவனையும் சும்மா விடவில்லை.

மூன்றாம் நாள் நெய்யாற்றின்கரையில் அவனுடைய ஸ்டுடியோவுக்கே போனேன்.

“அண்ணன் கோபப்படாம இரியுங்கோ,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு எனக்கே பாடம் எடுத்தான். முதல் இரண்டு விநாடியில் ஆளைப் பிடிக்க வேண்டுமாம். சண்டையின் நடுவிலிருந்து தொடங்கினால்தான் என்ன ஏது என்று நின்று பார்ப்பார்களாம். மரியாதையாகப் பேசுவதை யாரும் பார்க்க மாட்டார்களாம். ஒரு கேள்வி போட்டு இரண்டு கூட்டத்தை மோதவிட்டால் பிறகு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், வீடியோ தானே ஓடுமாம்.

“முதல் நாளு இது படுத்துக் கிடந்ததாக்கும் அண்ணே. அதிகம் பேரு பாக்கல்ல. நீங்க வந்து எழுதத் தொடங்கின பெறவுதான் கேறிப் போச்சு. உள்ளதச் சொன்னா, இத ஓட வச்சது நீங்கதான்.”

போனை நீட்டிக் காட்டினான். வரிசையாக என் பெயர். என் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் ஒரு புதுச் சண்டை. அவனை அடித்திருக்கலாம். அடிக்கக் கை வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது பொய்யில்லை. அந்த வெட்கங்கெட்டவன் என்னிடம் நன்றி வேறு சொன்னான். நான் கேட்டதும் வீடியோவை நீக்கிவிட்டான். அதற்குள் வேறு யார் யாரோ அதில் பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

கடைக்குப் புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாயா ஆறும்வரை குடிக்காமல், “சேச்சி, ஒண்ணு சீத்த பறயுமோ?” என்று திட்டச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு விரலால் பாத்திரத்தைக் காட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் வேதபாடத்துக்கு அழைத்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்தே வேண்டாம் என்று கையை அசைத்தாள். வேறொருவர் எழுந்து போய்த் திக்கித் திக்கி வாசித்தார்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம், நான் எழுதியதையும் சேர்த்து, சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவைப் பாதி திறந்து என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“போன வெளிய வச்சிட்டு வா மக்கா.”

“அக்கா, நான் ஒனக்க தம்பியாக்கும்.”

“தெரியும். வச்சிட்டு வா.”

செருப்புக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். நான் கையை எடுக்கும்வரை அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.