எண்ணூற்று இருபது பாகம்

அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதும் எத்திராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். பிறகு வலது காலால் தரையை இரண்டு முறை மிதித்துப் பார்ப்பான். கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்பிப் போகிறவரை அப்படியே நிற்பான். கீர்த்தி பத்து வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை ஏன் என்று கேட்டாள்.

“ஆடுதான்னு பாக்கறேன் பாப்பா. பத்து மாசம் பலகை மேல நிக்கறவனுக்குத் தரைய நம்பறதுக்குக் கொஞ்ச நேரமாவும்” என்றான்.

எத்திராஜ் அவளுடைய அண்ணன். திருவொற்றியூர் குப்பத்தில் விசைப்படகுத் தொழிலாளி. ஆள் குள்ளம், தோள் மட்டும் அகலம். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் கடலுக்குப் போக முடியாது. மற்றவர்கள் வலையைப் பழுது பார்ப்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். எத்திராஜும் வலை வேலை செய்வான். ஆனால் அதற்கு முன்னால், விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்து வடக்கே போய் ஓடிவிட்டு வருவான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட அவனுக்குப் பிடிக்காது. “ஓடறதுன்னா கண்ணுக்கும் எதுனா கெடைக்கணும். லாரி பின்னாடி ஓடுனா டீசல்தான் கெடைக்கும்” என்பான். பொன்னேரி பக்கம் ஆற்றங்கரை, சவுக்குத் தோப்புகளுக்கு இடையே ஒரு மணல் பாதை என்று நாலைந்து வழிகளைத் தானே தேடி வைத்திருந்தான். மீன் கிடைக்கும் இடங்களுக்குப் பெயர் வைப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வைத்திருந்தான். அவற்றில் அவனுக்கு மிகவும் பிடித்தது அனுப்பம்பட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ஏரிக்கரை. அதற்குப் ‘பொறுமை’ என்று பெயர். காரணம் கேட்டால் சொல்ல மாட்டான்.

கரையின் இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் நெல் வயல். பனைமரங்கள் கரையோடு கூடவே வரும். தடைக்காலத்தில் தண்ணீர் வற்றி, நடு ஏரியில் மட்டும் தகடுபோலக் கிடக்கும். அதைச் சுற்றி வெள்ளைக் கொக்குகள் நிற்கும். திரும்பி ஓடும்போது தெற்கே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அவைகூட அழகாகத்தான் இருக்கும். கீர்த்தி அவனோடு நூறு அடி ஓடுவாள், பிறகு மதகில் உட்கார்ந்து கல்லூரிப் புத்தகத்தைப் பிரிப்பாள். எருமை ஓட்டி வருகிற பெண்கள் அவளிடம் கேட்பார்கள்: “ஏம்மா, அந்தப் புள்ளைய யாரு தொரத்தறாங்க?”

“யாருமில்லக்கா. அதுவா ஓடுது.”

“வூட்ல வேல இல்லையா?”

இதெல்லாம் பிரகாஷ் வந்து சேர்வதற்கு முன்பு.

பிரகாஷ் எத்திராஜின் தோஸ்து, எட்டாவது வரை ஒரே வகுப்பு. மீனவன் மகன், ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். சட்டைப் பையில் எலுமிச்சம்பழத்தோடு படகில் ஏறுகிற ஒரே ஆள் அவன்தான். குப்பமே அவனை ‘சர்பத்து’ என்று கூப்பிட்டது. கடலை விட்டுப் போக அவனுக்கு இருந்த ஒரே வழி போலீஸ் வேலை. இரண்டு முறை எழுத்துத் தேர்வில் தோற்று, மூன்றாம் முறை தேறினான். மிச்சம் இருந்தது உடல் தகுதித் தேர்வு: ஏழு நிமிஷத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். அந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பும் முடிந்தது.

“நம்ம பொறுமைல ஓடு மாமு, நானும் கூட ஓடறேன்” என்றான் எத்திராஜ். பிறகு கீர்த்தியிடம் திரும்பினான். “ஆயிரத்தி ஐந்நூறு மீட்டருக்கு எத்தினி பாகம் பாப்பா?”

விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம். கடலில் ஆழம் பார்ப்பதும் கயிறு அளப்பதும் அதில்தான். கீர்த்தி அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரு பாகம் ஆறு அடி என்று எங்கோ படித்திருந்தாள். நோட்டில் வகுத்துப் பார்த்து, “எண்ணூத்தி இருவது” என்றாள். விடை சரி. யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை.

எத்திராஜ் நைலான் கயிற்றை மார்புக்குக் குறுக்கே பத்து முறை இழுத்து, பத்து பாகத்தில் வெட்டினான். அதை எண்பத்திரண்டு முறை கரையில் கிடத்தினார்கள். கடைசிக் கயிறு கரையின் இரண்டாவது மதகுக்குப் பக்கத்திலேயே வந்து முடிந்தது.

“பாத்தியா, இந்த மதகப் பொதுப்பணிக்காரன் நமக்காவே கட்டி வெச்சிக்கிறான்” என்றான் எத்திராஜ்.

அந்தத் தடைக்காலம் முழுக்க இருவரும் ஓடினார்கள். பிரகாஷுக்கு முதலில் எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது, பிறகு ஏழரை. கடைசி வாரம் ஆறு நிமிஷம் முப்பத்தைந்து விநாடி. அன்று எத்திராஜ் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தான். “நம்ம போலீஸ் ஸ்டேஷனுக்கே இவனப் போடுவாங்க பாரு. அப்பறம் எவன்டா சர்பத்துன்னு கூப்புடுவான்?”

தேர்வில் பிரகாஷ் ஏழு நிமிஷம் பதினெட்டு விநாடி ஓடினான்.

ஸ்டேடியத்திலிருந்து வந்து, படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் சொன்னதைக் கீர்த்தியும் கேட்டாள். “இன்னான்னே தெர்ல மாமு. நல்லாத்தான் ஓடிக்கினு இருந்தேன். ஒரு எடத்துல காலு தானா நின்னுச்சு. முட்ஞ்சிதுன்னு நெனச்சிகிச்சு. பாத்தா இன்னும் கீது.”

கீர்த்தி அன்று ராத்திரி நோட்டில் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், விடை சரியாகவே வந்தது. மறுநாள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கிக்கொண்டு அண்ணனை அனுப்பம்பட்டுக்கு அழைத்துப் போனாள். அளந்து முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து மூன்று மீட்டர். எத்திராஜின் கை விரிந்தது ஐந்தரை அடிக்கும் கீழே. கடலில் அதனால் ஒன்றும் கெடவில்லை. அவன் கயிறு, அவன் கை, அவன் மீன் பிடிக்கும் இடம் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன.

எத்திராஜ் தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தான். “எவ்ளோ கொறையுது?”

“நூத்தி நாப்பத்தேழு.”

அன்று சாயங்காலமே பிரகாஷிடம் போய்ச் சொன்னான். கணக்குப் போட்டது தங்கச்சி என்று சொல்லவில்லை. அளந்தது நான், என் கைதான் குட்டை என்று மட்டும் சொன்னான். கீர்த்தி பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. படித்தவள் தப்பாகப் போட்டாள் என்று குப்பத்தில் யாரும் பேசிவிடக் கூடாது என்ற பயம்தான் அன்று அவளுக்குப் பெரிதாக இருந்தது.

 “அப்போ நூத்தி நாப்பத்தேழு மீட்டரு நீ எனக்குத் தரணும் மாமு” என்றான் பிரகாஷ்.

“தரேன்டா.”

எப்படித் தருவது? எத்திராஜ் அடுத்த தடைக்காலத்தில் டேப் வைத்து அளந்து, அந்த மதகைத் தாண்டி ஒரு பனைமரத்தில் படகுக்கு அடிக்கிற நீலச் சாயத்தால் கோடு போட்டான். அந்தக் கோடுவரை ஓடிப் பழகி, குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் பிறகு போலீஸில் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் பிரகாஷ் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். “வா மாமு, சும்மா ஓடலாம். கண்ணுக்கு நல்லாருக்கும்.” பிரகாஷ் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. எத்திராஜின் படகிலேயே வேலைக்குச் சேர்ந்து, எலுமிச்சம்பழத்தோடு கடலுக்குப் போனான். அவன் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுக்கிறபோது அவன் பக்கத்து வலையையும் சேர்த்து எத்திராஜ் இழுத்தான். ஒன்பது வருஷம் இழுத்தான்.

“அதான் கடன் கழிஞ்சிடுச்சே” என்று கீர்த்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“இது வேற பாப்பா” என்றான் எத்திராஜ்.

போன மார்கழியில் மஞ்சள் காமாலை வந்து எத்திராஜ் செத்துப்போனான். முப்பத்தேழு வயது. பதினாறாம் நாள் படையல் முடிந்ததும் அவன் அம்மா அங்கம்மா தாழ்வாரத்தில் நின்று, வந்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள். “எம்புள்ள யாருக்குனா எதுனா தரணும்னா இப்பவே சொல்லிடுங்கபா. கடன்காரனா அவன் போவக் கூடாது.”

ஐஸ் கடைக்காரர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. மூலையில் உட்கார்ந்திருந்த பிரகாஷ் கையைத் தூக்கினான்.

“எனக்குத் தரணும்மா.”

“எவ்ளோபா?”

“நூத்தி நாப்பத்தேழு மீட்டரு.”

கணக்குப் போட்டது நான் என்று சொல்லக் கீர்த்தி எழுந்தாள். எழுந்தவள் சொம்பை எடுத்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அங்கம்மா வீட்டுக்குள் கையைக் காட்டினாள்.

“கயிறா? பரண்ல ஒரு சுருள் கீது. எடுத்துக்கினு போபா.”

“கயிறு இல்லம்மா” என்றான் பிரகாஷ். “வுடுங்க, அவன்கிட்டயே வாங்கிக்கறேன்.” வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, மறுநாள் படகுக்கு ஐஸ் சொல்லப் போனான்.