வெப்பத்தைப் படித்த நிரல்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் என் கணவரின் அண்ணன் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். எனக்கு மச்சாண்டார். ஷெட்டில் சூடு ஏறினால் அவருடைய போன் அடிக்கும்படி என் கணவர் ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். ஷெட்டில் மாட்டிய சிறு கருவி வெப்ப அளவை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும்; நிரல் அதைப் படித்துக்கொண்டே இருக்கும். போன் அடித்ததும் மச்சாண்டார், பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு, தண்ணீர் தெளிக்கும் மோட்டாரைப் போடச் சொல்வார்.

சித்திரையில் ஒரு நாள் ஓமலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். மாலையில் திரும்பியபோது ஷெட்டில் சத்தமே இல்லை. கோழிகள் கூண்டுக் கம்பியில் கழுத்தைத் தொங்கவிட்டுச் செத்துக் கிடந்தன. ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். குளித்த பிறகும் அந்த நாற்றம் போகவில்லை.

"போன் அடிக்கலையேன்னு நிம்மதியா பந்தியில உக்காந்திருந்தனுங்க," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். என் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை.

கணவர் அதன்பின் அந்த நிரலைத் திறக்கவே இல்லை. நானும் திருச்செங்கோட்டில் அவரோடு கம்ப்யூட்டர் படித்தவள்தான்; குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு பகலில் நானே திறந்தேன். கோப்பைப் படிக்கும் வரியில்தான் சந்தேகம். இணையத்தில் தேடினால் வீடியோக்கள், யாரோ யாருக்கோ சொன்ன அரைகுறைப் பதில்கள், பழைய பதிப்பின் பக்கங்கள். கோப்பை எப்படித் திறப்பது என்றே எல்லோரும் சொன்னார்கள். படித்து முடித்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் அந்த நிரல்மொழியை உருவாக்கியவர்களே எழுதிய விளக்கம் கிடைத்தது. படிக்க மிச்சமில்லை என்றால் பிழை காட்டாது, வெறுமையைத் திருப்பித் தரும் என்று பத்தியின் நடுவில் ஒரு வாக்கியம்.

கருவி எழுதிய கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். அன்று கரண்ட் போய் வந்ததும் கருவி புதிய கோப்பில் எழுதத் தொடங்கியிருக்கிறது. நிரலோ பழையதையே படித்து, வெறுமையை வாங்கி, சூடு ஏறவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மத்தியானம் முழுக்க.

கணவர் சேலத்தில் வேலை முடிந்து வந்ததும், "ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க," என்று காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"அண்ணங்கிட்டச் சொல்லோணும்."

"சொல்லித்தான் ஆகோணுமுங்களா? வெயில்ல செத்துப்போச்சுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

சட்டைகூட மாற்றாமல் வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அண்ணன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மச்சாண்டார் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சரி சாமி," என்று தம்பியிடம் சொன்னார். "சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டோம்.

நிரலைக் கணவர் மறுநாளே திருத்திவிட்டார். பண்ணையில் புதுக் கோழிகளை இறக்கியபோது ஷெட்டில் அந்தக் கருவி இல்லை. பகலெல்லாம் உள்ளேயே இருக்க ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். மச்சாண்டார் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பண்ணையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. என் கணவரும் கேட்பதில்லை.