கால் குடம் தண்ணீர்

என் சமையலறை மேடையில், வாட்டர் ஃபில்டருக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. வயிற்றில் ஒரு நசுங்கல். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய என் அண்ணியின் பெயர். குழாயைத் திறந்தால் சிங்க்கிலேயே தண்ணீர் கொட்டும் வீட்டில் அதற்கு என்ன வேலை? வருகிறவர்கள் அழகுக்கு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, அந்தக் குடத்தோடுதான் அண்ணி குடியாத்தத்திலிருந்து ஜோகுபாளையத்துக்கு வந்தார். எங்கள் தெருவுக்கு ஒரே குழாய்; விடிந்ததும் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். பெங்களூர் அப்போது நிஜமாகவே குளிரும். ஸ்வெட்டர் மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக அண்ணி நடந்து வந்தால் ஒரு சொட்டு சிந்தாது. வந்த ஆறாம் மாதமே, வரிசையில் குறுக்கே புகுந்தவளோடு கன்னடத்தில் சண்டை போட்டு ஜெயித்தார். அன்று நாங்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம். அப்படிப்பட்டவர், மகன் பிறந்த இரண்டாம் வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோனார். தலை வாருவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அம்மா திருஷ்டி சுற்றினாள், அல்சூர் கோயிலில் அர்ச்சனை செய்தாள், தர்காவில் தாயத்து வாங்கிக் கட்டினாள். கடைசியில் அண்ணன்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு; காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய்தான் என்று சொல்லி லேடி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அம்மா அரைமனதாகக் கேட்டுக்கொண்டாள். "மாத்திரை தின்னு எழுந்து வேல செய்றாளான்னு பாப்போம். இல்லன்னா அவ அம்மா வீட்ல வுட்டுட்டு வந்துடு," என்றாள் அண்ணனிடம். அப்படி விட்டுவிட்டு வந்த பெண்ணைத் திரும்ப அழைத்து வருவது எங்கள் பக்கம் அபூர்வம். பிள்ளை மட்டும் இங்கே தங்கிவிடும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்த மிதப்பு வேறு. அண்ணி இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அம்மா குளித்துப் பூஜைக்கு உட்காரும் நேரம் பார்த்து, அண்ணியின் குடத்தில் நானே தண்ணீர் பிடித்து வந்து வைப்பேன். அடுப்பு மூட்டுவேன், பாத்திரம் தேய்ப்பேன். அம்மா கேட்டால், எல்லாம் அண்ணி செய்தது என்பேன். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். மறுத்துச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. குழாயடியில் "உங்க அண்ணி சென்னாகிதாரா?" என்று விசாரித்த கன்னடக்கார அம்மாளிடமும் நன்றாக இருக்கிறார் என்றே சொல்லிவைத்தேன். நான் சொன்னதை அம்மா நம்பினாள். அம்மா சொன்னதை அண்ணன் நம்பினான், அண்ணன் சொன்னதை டாக்டர் நம்பினார். கேட்டதற்கெல்லாம் அண்ணி தலையாட்டினாராம். மாத்திரை பாதியாகக் குறைந்தது.

ஒரு மாதத்தில் அண்ணி பாயை விட்டு எழுவதையே நிறுத்தினார். குழந்தை முந்தானையைப் பிடித்திழுத்து அழுதாலும் திரும்பவில்லை. அம்மாவுக்கு இப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. "நேத்து வரைக்கும் தண்ணி தூக்கினவதான? இன்னிக்கி இன்னா வந்துச்சி? வேணும்னே பண்றா," என்றாள். மறுநாள் பரணிலிருந்து அண்ணியின் சீர்ப் பாத்திரங்களை இறக்கி, குடத்தையும் சேர்த்து முற்றத்தில் போட்டு, புளி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சீர்ப் பாத்திரம் தேய்த்தால் பெண்ணை அனுப்பப்போகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். நான் காப்பாற்றச் சொன்ன பொய்தான் அண்ணியைப் பொல்லாதவராக்கிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கையை ஓங்கினாள். ஆனால் என்னை அடிக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த குடத்தைத் தூக்கிக் கல்லில் எறிந்தாள். அந்த நசுங்கல் அப்படி விழுந்ததுதான். பிறகு புளிக்கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, "அந்தப் பொண்ண நான் இன்னா இன்னா பேசிட்டன்டி," என்று அழுதாள்.

சத்தம் கேட்டு அண்ணி மெல்ல எழுந்து வந்தார். உருண்டு கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தார். "நீ செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லாதம்மா," என்றார் என்னிடம். "நான் ரெண்டு சொம்புதான் கொண்டாந்தேன்னா, ரெண்டு சொம்புன்னே சொல்லு." பல வாரங்களில் அவர் அத்தனை பேசியது அன்றுதான்.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டு வாங்குவேன் என்று பயந்தேன், அவர் திட்டவில்லை. மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. முடிந்ததை அவரே செய்யட்டும், முடியாததை ஒளிக்காமல் நீங்கள் செய்யுங்கள் என்றார். மூன்றாம் வாரம் அண்ணி கால் குடம் தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே போன அம்மா, குழாயடியில் சிரித்தவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்; அதோடு சரி. பிறகு அரைக் குடம். சில நாள் வெறும் குடமே திரும்பி வரும். அண்ணன் வேலை முடிந்து வந்து கேட்டால், "இன்னிக்கி கால் குடம்," என்று உள்ளதை உள்ளபடி அம்மா சொல்வாள். முழுக் குடம் வந்த அன்று வீட்டில் கேசரி. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் சில வருஷங்களில் அந்த நோய் திரும்பி வந்தது. அப்போதெல்லாம் அண்ணியே முந்திக்கொண்டு, "மறுபடி வருது, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க," என்று அண்ணனிடம் சொல்லிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் என் கணவர் போய்ச் சேர்ந்தார். நான் படுக்கையை விட்டு எழுவதை நிறுத்தினேன். போனில் கேட்கிறவர்களிடம் எல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றேன். எண்பதைத் தொட்ட அண்ணி நம்பவில்லை. மடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். முதல் காரியமாக என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். வீடு திரும்பியதும் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "உனக்காக நான் ரொப்ப மாட்டேம்மா," என்றார். அவசரப்படுத்தவும் இல்லை. வெகு நேரம் கழித்து எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். அதற்குமேல் நிற்கத் தெம்பில்லாமல், குடம் நிறைவதற்கு முன்பே மூடினேன். சாயங்காலம் என் மகன் போனில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறேன் என்று கேட்டான். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் குடம்," என்றேன்.