வியாழக்கிழமை வாசல் தாண்டிய கடிகாரம்

போன மழையில் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுத் தளம் ஒழுகி, கட்டிலை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் படுத்தேன். ஐப்பசிக்குள் மேலே பூசியாக வேண்டும். பிரான்சில் இருக்கும் மகனிடம் வாய் திறந்தால் பணம் அன்றைக்கே வரும். நான் திறப்பதில்லை. என் நகைகள் எல்லாம் பிள்ளைகளுக்கே போய்விட்டன. மிச்சம் இருந்தது மாமனாரின் தங்கப் பாக்கெட் கடிகாரம். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்; கடிகாரம் அவர் சைகோனிலிருந்து கொண்டுவந்தது. அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் நகைக் கடைக்குப் போனேன்.

"ஆயா, உள்ள இருக்கிற மிஷினைப் பேத்துப் போட்டுட்டு, கூட்டை உருக்கித்தான் எடை பாக்கணும்," என்றார் கடைக்காரர்.

"ஓடிக்கினு இருக்கிற கடிகாரம்பா."

"ஓடறதுக்கு நான் காசு குடுக்க முடியுமா?"

அவர் தொழிலுக்கு அவர் சொன்னது சரி. நான் கடிகாரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். உயிரோடு இருக்கிற பொருளை நெருப்பில் போடக் கொடுக்க மனசு வரவில்லை.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம், பழம்பொருள் வாங்கி விற்கிற பாய் கடைக்குப் போனோம். அவர் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் கடிகாரத்தை வைத்து, நகத்தால் பின்மூடியைத் திறந்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இங்க பாருங்கம்மா, கழுகுத் தலை. பிரான்ஸ்ல அசல் தங்கத்துக்கு அடிக்கிற முத்திரை. தெரியுதா?"

தெரியுது என்றேன். தெரியவில்லை.

"முகப்புல மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கொறையும்."

"கீறல் இருந்தா மணி தப்பாவா காட்டுது?"

பாய் சிரித்துவிட்டார். அப்படியும் அவர் சொன்ன விலை, உருக்கினால் கிடைப்பதைவிட நிறையவே கூடுதல். தளம் பூசத் தாராளமாகப் போதும்.

"வாங்கற ஆளு வெளிநாட்டுக்காரரு. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் வராரு, ராத்திரி பிளைட்டு. நீங்களும் கடிகாரத்தை எடுத்துக்கினு வந்துடுங்க."

"நாளைக்கா? வெள்ளிக்கிழமை வீட்ல இருந்து தங்கம் வெளிய போவக் கூடாதே பாய்."

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யம்மா, கடிகாரத்துல எந்த லட்சுமி குந்திக்கினு இருக்கா? சைகோன்ல இருந்து வந்ததும்மா அது."

"எங்கேர்ந்து வந்தா என்ன? தங்கம் தங்கந்தான்."

"அப்ப மழையில நனைஞ்சிக்கினே கெட."

"கோவிச்சுக்காதம்மா," என்றார் பாய் அவளிடம். "எங்க உம்மா வெளக்கு வச்சப்புறம் ஊசிகூட வெளிய குடுக்க மாட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வியாழந்தானே? பொருளை இப்பவே என்கிட்ட விட்டுட்டுப் போங்க. நாளைக்கு உங்க வீட்டுக்குப் பணந்தானே வரப்போவுது? அது வரலாமில்ல?"

"அது வரலாம்," என்றேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரிய வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். லட்சுமியை ஏமாற்றுகிற வேலையா இது? அவளுக்குத் தெரியாமலா இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு பெண்பிள்ளை, அவசரப்பட்டுக் கையிலிருப்பதை விட்டுவிடக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு தடை போட்டுக்கொண்டிருப்பாள். அதுதான் எங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. நான் அவசரப்படவில்லை. நகைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தால்தான் அது அவசரம்.

மறுநாள் நாங்கள் போனபோது வெளிநாட்டுக்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயது கூட இருக்கும். யாருடையது என்று பாய் மூலமாகக் கேட்டார்.

"எம் மாமனாருது. சொல்தா."

அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தைக்குப் பாய் தேவைப்படவில்லை. வெளிநாட்டுக்காரர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கீறலைக் காட்டி விலையைக் குறைக்கவும் இல்லை.

"உருக்கிட மாட்டாரே?" என்று பாயிடம் கேட்டேன். பாய் அதைச் சொன்னதும், அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அந்தச் சட்டைப் பையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பணத்தை வாங்கிக்கொண்டேன்.

தெருவில் இறங்கியதும் மகள் கேட்டாள். "கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லட்டா?"

"நாளைக்குச் சனிக்கிழமை."

அவள் போனை எடுத்து, அவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னாள்.